விரல் பொருத்து ஜிக்கைத் திருத்தி அமைப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கராஜின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு மரவேலை இடம் வைத்திருக்கிறேன். சனி, ஞாயிறில் லாச்சி, பெட்டி, புத்தகத் தட்டு என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் போவது சுவரில் தொங்கும் ஒரு ஜிக்கின் (பலகையைத் திரும்பத் திரும்ப ஒரே அளவில் வெட்ட உதவும் துணைச் சாதனம்) மேல்தான். அதன் ஒரு பக்கத்தில் பழைய சீடி ஒன்று ஒட்டியிருக்கும். "இது என்ன, பாட்டுக் கேட்கவா?" என்று தொடங்கி, கடைசியில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த ஜிக் என்ன வேலை செய்கிறது?

பெட்டியின் மூலையில் இரண்டு பலகைகள் சந்திக்கும் இடத்தில், கைவிரல்களைக் கோத்தது போல ஒன்றுக்குள் ஒன்று போகிற பொருத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் விரல் பொருத்து. ஒரு பள்ளம், ஒரு விரல், மறுபடி ஒரு பள்ளம் என்று சம இடைவெளியில் வெட்ட வேண்டும்.

ஜிக் மிக எளிமையானது. மேசை வாளின் மேலோ, ரூட்டர் (சுழலும் பிட் என்ற வெட்டுமுனையால் மரத்தில் பள்ளம் எடுக்கும் கருவி) பொருத்திய மேசையின் மேலோ சறுக்கி ஓடும் ஒரு தட்டு. அதன் மேல் நிமிர்ந்து நிற்கும் ஒரு தடுப்புப் பலகை. வாளிலிருந்து ஒரு விரல் அளவு தள்ளி, தடுப்புப் பலகையின் அடியில் ஒரு சின்ன வழிகாட்டிக் கட்டை. பலகையை நிமிர்த்தி, ஓரத்தைக் கட்டையில் முட்டவைத்து முதல் பள்ளத்தை வெட்டுகிறீர்கள். அந்தப் பள்ளத்தைத் தூக்கிக் கட்டையின் மேல் உட்காரவைத்து அடுத்ததை வெட்டுகிறீர்கள். இப்படியே போகிறது. வெட்டிய பள்ளமே அடுத்த பள்ளத்துக்கு அளவு.

இனி வரும் பதில்களில் கட்டை வாளுக்கு வலப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே செய்தால் போதாதா? ஏன் மாற்ற வேண்டி வந்தது?

என் முதல் ஜிக்கில் கட்டையைப் பசை போட்டு, ஆணியும் அடித்து நிரந்தரமாக்கிவிட்டேன். மூலைமட்டம், ஸ்கேல் எல்லாம் வைத்துக் கவனமாக அளந்துதான் செய்தேன். முதல் சோதனைத் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று போகவே மறுத்தன. ரப்பர் சுத்தியலால் தட்டியதில் ஒரு விரல் பிளந்தது. கட்டையைக் கழற்றி "கொஞ்சம்" நகர்த்தினேன். இப்போது பொருத்து கலகலவென்று ஆடியது.

எங்கள் பக்கத்து ஓடாவிமார் (தச்சர்கள்) அளவை நூலில் சொல்வார்கள். எட்டு நூல் ஒரு அங்குலம். அப்படியென்றால் ஒரு நூல் 3.175 மி.மீ. கதவு நிலைக்கும் கூரைச் சலாகைக்கும் அரை நூல் கணக்கு தாராளம். விரல் பொருத்தில் இறுக்கத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே இருப்பது சுமார் 0.1 மி.மீ., அதாவது ஒரு நூலில் முப்பதில் ஒரு பங்கு. அதைப் பென்சில் கோட்டால் பிடிக்க முடியாது. கோட்டின் தடிப்பே அதைவிட அதிகம். ஆகவே சரியான அளவில் ஜிக்கைச் செய்துவிட வேண்டும் என்ற ஆசையை விட்டேன். ஏறக்குறைய சரியாகச் செய்து, பிறகு தெரிந்த அளவில் நகர்த்தக்கூடியதாக வைப்பது என்று முடிவெடுத்தேன். கீழே சொல்லும் மாற்றங்கள் எல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்து வந்தவை.

ஒவ்வொரு விரலிலும் வரும் சின்னப் பிழை சேர்ந்து சேர்ந்து கடைசியில் பெரிதாகிவிடும் என்கிறார்களே?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். நானும் நீண்ட நாள் அப்படித்தான் நம்பினேன். பாதிதான் உண்மை.

ஒரு தாளை எடுத்து வரைந்து பாருங்கள். வாள் வெட்டும் பள்ளத்தின் அகலம் 6 மி.மீ. என்று வையுங்கள். வாளின் ஓரத்துக்கும் கட்டைக்கும் உள்ள இடைவெளி 6.1 மி.மீ. அப்போது ஒவ்வொரு விரலும் 6.1, ஒவ்வொரு பள்ளமும் 6. பலகையின் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் விரல் பள்ளத்தைவிட அதே 0.1 தான் பெரிது. ஏனென்றால் எதிர்ப் பலகையையும் இதே ஜிக்தான் வெட்டுகிறது; அதிலும் ஒரு விரலும் ஒரு பள்ளமும் சேர்ந்து 12.1 தான். இரண்டு பலகையும் ஒரே நடையில் நடப்பதால் பிழை கூடுவதில்லை. எல்லா விரலும் ஒரே அளவு இறுக்கமாக இருக்கும், அவ்வளவுதான். கூடுவது ஒன்று உண்டு: பத்து, பன்னிரண்டு விரல் போன பிறகு பலகையின் ஓரத்தில் வரும் கடைசி விரலின் அகலம். அதற்காகப் பலகையைக் கொஞ்சம் அகலமாக வைத்து வெட்டி, முடிந்த பின் சீவிவிடலாம்.

அப்படியானால் சிலருடைய பொருத்து ஒரு முனையில் வெண்ணெயாகப் போய் மறு முனையில் ஏன் முட்டி நிற்கிறது? நான் கண்ட காரணங்கள் இரண்டு. ஒன்று ஈரப்பதம், அதைப் பின்னால் சொல்கிறேன். மற்றது கை.

கட்டை 5.85, பள்ளம் 6 என்றால் பலகைக்கு 0.15 மி.மீ. ஆட இடம் இருக்கிறது. ஒரு நாள் லாச்சியின் முன்பலகையை நான் வெட்டினேன். பக்கப் பலகையை என் மருமகன் வெட்டினான். நான் வலது கைக்காரன், பலகையை வலப்பக்கம் அழுத்துகிறவன். அவன் இடது கைக்காரன். என் ஒவ்வொரு நகர்வும் அவனுடையதைவிட 0.15 கூடுதல். ஆறு நகர்வில் 0.9. முதல் விரல்கள் அழகாகப் போயின, பிறகு ஒன்றும் போகவில்லை. அரை நாள் ஜிக்கைத் திட்டிக்கொண்டிருந்தோம், பாவம்.

தீர்வுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஒவ்வொரு முறையும் பலகையை வாளிலிருந்து விலகும் திசையில் அழுத்துங்கள். அப்போது பள்ளத்தின் வாள் பக்கச் சுவர் கட்டையில் முட்டும். கட்டை சற்று மெலிந்திருந்தாலும் விரலின் அகலம் மாறாது. கட்டை சரியான பருமனில் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் திசைதான் முதலில்.

நுண் திருகு எப்படிச் செய்தீர்கள்?

தடுப்புப் பலகையை இரண்டாக்கினேன். பின்னால் இருப்பது தட்டோடு நிரந்தரமாகப் பொருத்தியது. முன்னால் இருப்பது அதன் மேல் இடம் வலமாகச் சறுக்கும் பலகை. வழிகாட்டிக் கட்டை இதில்தான் இருக்கிறது. சறுக்கும் பலகையில் கிடையாக இரண்டு நீளத் துளைகள். அவற்றின் வழியே இரண்டு எம்6 (6 மி.மீ. விட்டம்) போல்ட்டுகள், பின்பக்கம் காது நட்டுகள். போல்ட் தலைகள் முன்முகத்துக்கு மேல் வராதபடி உள்ளே அமிழ்த்த வேண்டும்; இல்லாவிட்டால் வேலைப் பலகை சரியாகச் சாயாது.

பின்பலகையின் வலது முனையில் ஒரு மரக்கட்டை ஒட்டி, அதற்குள் எம்6 நட்டு ஒன்றைப் பதித்தேன். அதன் வழியே ஒரு புரித்தண்டு போய்ச் சறுக்கும் பலகையின் முனையைப் பிடித்துத் தள்ளும், இழுக்கும். சாதாரண எம்6 புரி ஒரு முழுச் சுற்றுக்குச் சரியாக 1 மி.மீ. நகரும். இந்தக் கணக்குக்காகத்தான் எம்6. எம்8 என்றால் ஒரு சுற்றுக்கு 1.25, பழைய கால் அங்குலப் புரி என்றால் அங்குலத்துக்கு 20 சுற்று, அதாவது 1.27 மி.மீ. அவையும் வேலை செய்யும், மனக்கணக்குத்தான் தலைவலி.

இனி அந்தச் சீடி. தண்டின் வெளிமுனையில் இரண்டு பெரிய வாஷர்களுக்கு நடுவே அதை நெரித்து, விளிம்பைப் பத்தாகப் பிரித்துக் குறி போட்டேன். ஒரு குறி 0.1 மி.மீ. சீடியின் விட்டம் 120 மி.மீ., சுற்றளவு சுமார் 377. ஆக, கட்டை 0.1 நகர, விளிம்பு கிட்டத்தட்ட 38 மி.மீ. நகர்கிறது. கண்ணாடி போடாமலே பார்க்கலாம். அரைக் குறியும் கால் குறியும் கண்ணளவிலேயே வந்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: சீடி பெரியது, தட்டின் ஓரத்துக்கு வெளியே நிற்கும்படி பின்பலகையை நீட்டி வையுங்கள், இல்லாவிட்டால் மேசையில் இடிக்கும்.

திருகினால் சில வேளை நகர்கிறது, சில வேளை நகரவில்லை. ஏன்?

நட்டுக்கும் புரிக்கும் நடுவே உள்ள ஆட்டம். முன்னே திருகிவிட்டுப் பின்னே திருகினால், அந்த ஆட்டம் தீரும்வரை தண்டு சும்மா சுழலும். எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வாருங்கள். கட்டையைப் பின்வாங்க வேண்டுமென்றால் அரைச் சுற்று கூடுதலாகப் பின்வாங்கி, பிறகு முன்னே வந்து நிறுத்துங்கள்.

காது நட்டை இறுக்கும்போதும் பலகை கொஞ்சம் இழுபடும். நட்டின் கீழ் அகலமான வாஷர் போட்டு இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் அது நின்றுவிடும்.

எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று எப்படித் தெரியும்?

பொருத்து இறுக்கம் என்றால் விரல் தடிப்பு. கட்டையை வாளை நோக்கி நகர்த்துங்கள். ஆட்டம் என்றால் விலக்குங்கள். 0.1 நகர்த்தினால் பொருத்து சரியாக 0.1 மாறும், ஏனென்றால் விரல் மாறுகிறது, பள்ளம் மாறுவதில்லை.

நான் சோதனைத் துண்டில் ஒரு விரலையும் ஒரு பள்ளத்தையும் வேர்னியரால் அளப்பேன். விரல் பள்ளத்தைவிட 0.05 முதல் 0.1 வரை சிறிதாக இருக்க வேண்டும். நீர் கலந்த வெள்ளைப் பசை பட்டவுடன் மரம் ஊதும். காய்ந்த நிலையில் சுத்தியல் இல்லாமல் போகாத பொருத்து, பசை போட்ட பிறகு பாதி வழியில் நின்று உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

வேர்னியர் இல்லையா? 80 கிராம் போட்டோகொப்பித் தாளின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மி.மீ. பொருத்துக்குள் ஒரு தாள் கீற்று சிக்கென்று போனால் இலேசான ஆட்டம், இரண்டு போனால் அளவுக்கு மிஞ்சிய ஆட்டம். பஸ் டிக்கெட் இன்னும் மெல்லியது. என்னிடம் இருந்தது 0.06 காட்டியது. டிக்கெட் போய்த் தாள் போகாவிட்டால் பசைக்கு ஏற்ற இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

ஜிக் மேசையின் காடியில் பக்கவாட்டில் ஆடுகிறது. ரன்னரை எதில் செய்வது?

ரன்னர் என்பது ஜிக்கின் அடியில் ஒட்டியிருந்து மேசைக் காடிக்குள் ஓடும் பட்டை. அது ஆடினால் திருகு, சீடி எல்லாம் வீண். முதலில் இதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்றதற்குப் போக வேண்டும். முழு அளவு மேசை வாள்களில் காடி பெரும்பாலும் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. சின்ன வாள்களில் தம் இஷ்டத்துக்கு இருக்கும். அளந்தே ஆக வேண்டும்.

மரத்தில் செய்தால் கொழும்பில் ஒரு தொல்லை. வைகாசியில் தென்மேற்குப் பருவ மழை தொடங்கினால் ரன்னர் ஊதிக் காடிக்குள் போகாது. தைமாசம் அதே ரன்னர் ஆடும். முதிரையில் செய்தும் பார்த்தேன், குறைந்தது, தீரவில்லை. இப்போது பயன்படுத்துவது சமையலறையில் காய் வெட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை. அது தண்ணீர் குடிக்காது, தானே வழுக்கும், சாதாரண மரவாளாலேயே அறுபடும். வீட்டிலிருந்து எடுக்காமல் புறக்கோட்டையில் புதிதாக வாங்குவது குடும்ப அமைதிக்கு நல்லது.

காடியைவிட ஒரு சொட்டு ஒடுக்கமாக அறுத்து, ரன்னரின் நடுவே மேலிருந்து ஒரு திருகாணியை இறுக்கினால் அந்த இடம் இரு பக்கமும் இலேசாகப் புடைக்கும். இரண்டு மூன்று இடத்தில் அப்படிச் செய்து, காடியில் ஆட்டம் போகும்வரை திருகாணிகளை இறுக்கவோ தளர்த்தவோ செய்யலாம். இறுகிவிட்டால் சீவ வேண்டியதில்லை, திருகாணியைத் திருப்பினால் போதும்.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடல் காற்றில் வார்ப்பிரும்பு மேசை ஒரே வாரத்தில் கறள் பிடிக்கும். மெழுகுதிரியை மேசையிலும் காடியிலும் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள். கறளும் வராது, ஜிக்கும் வழுக்கி ஓடும்.

ஜிக்கின் தட்டுக்கு எந்தப் பலகை நல்லது?

18 மி.மீ. பிளைவுட். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தட்டையாக இருக்கும், ஆனால் ஈரத்தில் ஓரங்கள் ஊதும். கராஜில் வைக்கிறவர்களுக்கு வேண்டாம். கொங்கிறீட் போடப் பயன்படும் கறுப்புப் பூச்சு ஷட்டரிங் பலகை தண்ணீருக்குப் பயப்படாது, மேற்பரப்பும் வழுவழுப்பு. வாங்கும்போது ஒரு நேர்விளிம்பை வைத்து வளைவு பாருங்கள். வளைந்தது நிறைய வரும்.

செங்கோணம் எவ்வளவு முக்கியம்?

இந்த ஜிக்கில் பலர் தவறான இடத்தில் கவலைப்படுகிறார்கள். தடுப்புப் பலகை 400 மி.மீ.க்கு 0.1 சாய்ந்திருந்தால், 12 மி.மீ. தடிப்புள்ள பலகையில் அது கண்ணுக்கே தெரியாது. உண்மையில் முக்கியமானவை இரண்டு. வாள் மேசைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். வேலைப் பலகையின் நுனி அதன் நீண்ட ஓரத்துக்குச் செங்கோணமாக இருக்க வேண்டும். பலகை அந்த நுனியில்தான் நிற்கிறது. நுனி சாய்ந்தால் எல்லா விரலும் சாயும், பெட்டி முறுகும்.

ஆகவே நுனி வெட்டுகிற குறுக்குவெட்டு ஜிக்கைச் சரிபாருங்கள். ஐந்து வெட்டுச் சோதனை என்று ஒன்று உண்டு. ஒரு சதுரப் பலகையை எடுத்து ஒரு பக்கம் வெட்டுங்கள். வெட்டிய பக்கத்தைத் தடுப்புப் பலகையில் முட்டும்படி திருப்பி அடுத்த பக்கத்தை வெட்டுங்கள். இப்படி நான்கு பக்கமும் முடிந்து, ஐந்தாவது வெட்டில் சுமார் 20 மி.மீ. அகலக் கீற்று ஒன்றை எடுங்கள். அதன் இரு முனைகளின் அகலத்தையும் அளங்கள். ஒரு முனை 20.40, மறு முனை 20.00 என்றால் வித்தியாசம் 0.40. நான்கு திருப்பத்தில் பெருகிய பிழை அது. நான்கால் வகுத்தால் 0.10. கீற்றின் நீளம் 400 என்றால் 400க்கு 0.10 பிழை. அந்தக் குறுக்குவெட்டு ஜிக்கின் தடுப்புப் பலகை சுழலும் ஆணியிலிருந்து நீங்கள் நகர்த்தும் முனைவரை 600 மி.மீ. இருந்தால், அந்த முனையை 0.15 நகர்த்த வேண்டும்.

0.15ஐ எப்படி நகர்த்துவது? இதற்குத்தான் பஞ்சிகாவத்தை. மோட்டார் உதிரிப்பாகக் கடைகளில் வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் கிடைக்கும். முனைக்குப் பின்னால் ஒரு தடைக்கட்டையைக் கிளாம்ப் போட்டு, இடையே 0.15 தகட்டை வைத்து, பலகையை அதற்கு முட்டவிட்டு இறுக்குங்கள். முன்னே நகர்த்த வேண்டுமானால் தடைக்கட்டையை முன்பக்கம் வையுங்கள். எந்தப் பக்கம் என்று குழம்பினால் ஒரு பக்கம் நகர்த்திச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பிழை இரட்டிப்பானால் மறுபக்கம். நான் இன்றுவரை அப்படித்தான்.

மேசை வாளா, ரூட்டரா?

எங்கள் சந்தையில் கிடைக்கும் சின்ன மேசை வாள்களின் அச்சு குட்டையானது. அகலப் பள்ளம் வெட்டும் அடுக்கு வாள்களை அதில் மாட்ட முடியாது. ஒற்றை வாள் 2.4 முதல் 3.2 மி.மீ. வரைதான் வெட்டும், அதுவும் பற்கள் மாறி மாறிச் சரிந்திருப்பதால் பள்ளத்தின் அடியில் இரண்டு மூலையும் கூராக இறங்கியிருக்கும். ஆகவே நான் ரூட்டர் பக்கம். 6 மி.மீ. நேர் பிட், அடி தட்டையாக வரும்.

ரூட்டர் மேசையில் பிட் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். பலகையை முன்னே தள்ளும்போது பிட் அதை வலப்பக்கம் தள்ளப் பார்க்கும். கட்டை பிட்டுக்கு வலப்பக்கம் இருந்தால், நாம் விரும்புகிற திசையில் பிட்டே பலகையை அழுத்தித் தருகிறது. இடப்பக்கம் வைத்தால் ஒவ்வொரு வெட்டிலும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். அதற்காகக் கையை மட்டும் நம்பாதீர்கள், பலகையைத் தடுப்புப் பலகையோடு கிளாம்ப் போடுங்கள்.

இன்னொன்று. 6 மி.மீ. பிட் 6 மி.மீ. பள்ளம் வெட்டும் என்று நம்ப வேண்டாம். அச்சு ஆட்டத்தால் என்னுடையது 6.1 வெட்டுகிறது. கட்டையைப் பிட்டின் அளவுக்குச் செய்யாமல், வெட்டிய பள்ளத்துக்குள் சிக்கென்று போகும்படி சீவுங்கள்.

காம்பு அளவு மாறினால் பரவாயில்லையா?

கூடவே கூடாது. கொழும்பில் அங்குலப் பிட்டும் மெட்ரிக் பிட்டும் ஒரே பெட்டியில் கிடக்கும். 6 மி.மீ. காம்பை (பிட்டின் பிடிதண்டு) 6.35 மி.மீ. கொலெட்டில் (ரூட்டரில் அதைப் பிடிக்கும் வளையம்) போட்டு இறுக்கினால் இறுகியது போலத் தெரியும். நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் போகும்போது பிட் வெளியே வரும். 12க்கும் 12.7க்கும் இதே கதைதான்.

விரல்களின் பின்பக்கம் பிய்ந்து போகிறது.

பலகைக்குப் பின்னால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு புதிய மலிவுப் பலகை வையுங்கள். அதுதான் பிய்யும், உங்கள் விரல் பிய்யாது. பழைய வெட்டுக்கள் உள்ள பலகை உதவாது.

எந்த மரம் இதற்கு ஒத்துவரும்?

மகோகனி. மொறட்டுவை ஆலைகளில் அறுத்ததை வாங்கி மூன்று வாரம் கராஜில் அடுக்கி வைத்துவிட்டு எடுப்பேன். தேக்கு அழகுதான், ஆனால் அதில் உள்ள சிலிக்கா சாதாரண உருக்கு முனையைச் சீக்கிரம் மழுக்கும். கார்பைட் முனை இல்லாமல் தொடாதீர்கள். எண்ணெய்ப் பசையும் உண்டு, பசை போடுமுன் அசிட்டோன் நனைத்த துணியால் விரல்களைத் துடைத்துக் காயவிடுங்கள். முதிரை கல் மாதிரி, வெட்டு மிகச் சுத்தமாக வரும், தூசு மூக்கையும் தோலையும் எரிக்கும். முகமூடி கட்டாயம்.

போன மாதம் பொருந்தியது, இன்று பொருந்தவில்லை. ஜிக் நகர்ந்துவிட்டதா?

ஜிக்கைத் தொடாதீர்கள். முதலில் இரண்டு பலகையும் இதுவரை எங்கே இருந்தன என்று கேளுங்கள்.

மேலே ஈரப்பதத்தைப் பின்னால் சொல்கிறேன் என்றது இதற்குத்தான். கொழும்புக் காற்றில் திறந்து கிடக்கும் மரத்தின் ஈரம் 15 சதவீதத்தை ஒட்டி நிற்கும். ஏசி அறைக்குள் சில வாரம் இருந்தால் 10, 11க்கு இறங்கும். ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்கு ஏறக்குறைய இணையாக வரும்படி அறுத்த தேக்குப் பலகை, 150 மி.மீ. அகலம், ஈரம் 4 சதவீதம் மாறினால் அகலத்தில் சுமார் 1.1 மி.மீ. மாறும். ஒரு விரலுக்கு என்று பார்த்தால் 0.05கூட இல்லை. ஆனால் ஒரு பலகை மட்டும் ஏசி அறையில், மற்றது கராஜில் என்றால் இரண்டின் நடை மாறிவிடுகிறது. இந்த இடத்தில் பிழை உண்மையிலேயே சேர்ந்துகொண்டே போய், கடைசி விரலில் ஒரு மில்லிமீற்றராகிவிடும்.

பெட்டியின் நான்கு பலகையையும் ஒரே மரத்தில், ஒரே இடத்தில் வைத்து, ஒரே நாளில் வெட்டி, முடிந்தால் அன்றே ஒட்டிவிடுங்கள். ஒட்டிய பிறகு நான்கும் ஒரே திசையில் சேர்ந்து ஊதும், பொருத்துக்குக் கேடில்லை. ஐப்பசி மழையில் லாச்சி மட்டும் அலுமாரிக்குள் இறுகும். அதற்கு மேலே இரண்டு மி.மீ. இடம் விட்டிருக்க வேண்டும். நான் முதல் அலுமாரியில் விடவில்லை. மனைவியின் சேலை லாச்சி கார்த்திகை முடியும்வரை திறக்கவில்லை. அதைப் பற்றி மேலும் கேட்காதீர்கள்.

புறாவால் பொருத்துக்கும் இந்த ஜிக் உதவுமா?

இல்லை. அதன் சரிவுக்கு வேறு அமைப்பு வேண்டும். நுண் திருகு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பழைய ஓடாவிமார் ஜிக் இல்லாமலே செய்தார்களே?

செய்தார்கள், இன்னும் செய்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், எல்லோரும் பாஸ் என்று கூப்பிடுவோம், என் சீடியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உளியும் வாளும் எடுத்து இருபது நிமிடத்தில் ஒரு மூலையை முடித்துக் காட்டினார். அவருடைய முறையைக் கவனித்தேன். முதல் பலகையை வெட்டி, அதையே இரண்டாவதன் மேல் வைத்துக் கூர்முனையால் கீறினார். ஸ்கேலைத் தொடவே இல்லை. ஒரு மூலை என்றால் அவர் என்னைவிட வேகம். பன்னிரண்டு லாச்சி, நாற்பத்தெட்டு மூலை என்றபோது, "சரி தம்பி, உன்னுடைய அந்தப் பாட்டுப் பெட்டியைக் கொண்டு வா" என்றார்.

மாடிக் குடியிருப்பில் இதைச் செய்யலாமா? சத்தம்?

ரூட்டர் சத்தத்தை மறைக்க வழியில்லை. மேசைக் கால்களின் கீழ் ரப்பர் துண்டு வைத்தால் கீழ்வீட்டுக்குப் போகும் அதிர்வு குறையும். நான் காலை பத்துக்குப் பிறகு தொடங்கி மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திவிடுவேன். பக்கத்து வீட்டுக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்தது எந்த ரப்பரையும்விட நன்றாக வேலை செய்தது.

பாதுகாப்பில் எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

வாளோ பிட்டோ தடுப்புப் பலகையைத் தாண்டிப் பின்பக்கம் வெளியே வரும். உங்கள் கட்டைவிரல் இயல்பாகப் பிடிக்கும் இடமும் அதுதான். அங்கே தடிப்பான ஒரு மரப்பெட்டி ஒட்டி, வெட்டு அதற்குள்ளேயே முடியும்படி செய்யுங்கள். ஜிக் அதற்கு மேல் முன்னே போகாதபடி மேசையில் ஒரு தடையும் வையுங்கள். அளவைத் திருகும்போது மின்செருகியைக் கழற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கையுறை போட வேண்டாம், சுழலும் பிட் அதைப் பிடித்து இழுக்கும்.

பொருட்களை எங்கே வாங்கினீர்கள்?

புரித்தண்டு, போல்ட், காது நட்டு எல்லாம் பழைய சோனகத் தெருவில். நட்டையும் தண்டையும் ஒரே கடையில் வாங்கி அங்கேயே மாட்டிப் பாருங்கள். சில நட்டுகள் தண்டில் கலகலவென்று ஆடும். பிளைவுட் துண்டுகள் தளபாடப் பட்டறைகளில் மிச்சமாகக் கிடக்கும். சீடியை யாரிடமாவது கேட்டால் ஒரு பெட்டியே தருவார்கள்.

என்னிடம் ஏற்கனவே நிரந்தரக் கட்டை உள்ள ஜிக் இருக்கிறது. புதிதாகச் செய்ய வேண்டுமா?

வேண்டாம். இருக்கும் தடுப்புப் பலகையைப் பின்பலகையாக விட்டுவிட்டு, கட்டையை மட்டும் உளியால் தட்டி எடுங்கள். முன்னால் 12 மி.மீ. பிளைவுட்டில் புதுச் சறுக்குப் பலகை ஒன்றைப் போட்டால் போதும், ஒரு சனிக்கிழமை வேலை. பின்பலகை முன்பு வெட்டிய பள்ளத்தால் பலவீனமாகியிருந்தால் மேலே ஒரு குறுக்குச் சட்டத்தைத் திருகாணியால் பிடித்துவிடுங்கள். திருகு பிறகு வந்தாலும் பரவாயில்லை. அதுவரை சறுக்குப் பலகையைத் தாள் கீற்று வைத்தே நகர்த்தலாம். நானும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் ஓட்டினேன்.